இடது முன்சக்கரத்து நட்டு

நவம்பர் 12, 1996, செவ்வாய்

காலையில் காபி கூட இறங்கவில்லை, பாஸ்கோ ஃபோன் செய்தார். எங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. காட்டு வழியில் வீடு வீடாகத் தபால் போடுகிற லிண்ட் அம்மாள் கோழிக்கூட்டு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாளாம். வசந்தம் வரை எழுந்திருக்க மாட்டாள். அவள் வழி இனி எனக்கு. வருகிற திங்கட்கிழமையிலிருந்து. கார் மட்டும் சொந்தக் காராக இருக்க வேண்டும். திங்கள் காலை அவரே வெளியே வந்து பார்ப்பார். சரியில்லை என்றால் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் காத்திருக்கிறான், அவனைக் கூப்பிட்டுவிடுவார்.

"கார் ஓடுதுல்ல, ஹில்மா?" என்று கேட்டார்.

ஓடுது என்றேன். அது பொய்யில்லை. ஓடத்தான் செய்கிறது.

ஃபோனை வைத்துவிட்டு, ஏற்கெனவே கூட்டியிருந்த அடுக்களையை இன்னொரு தடவை கூட்டினேன். பிறகு வாசலைக் கூட்டினேன். வாசலில் பனி பெய்துகொண்டிருந்தது, அதையும் கூட்டினேன். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் கால் தரிக்காதவள். பிறக்கும்போதே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்தவள் என்று அம்மா சொல்வாள். அவள் சொன்னது புகழ்ச்சியில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவரை அந்தச் சக்கரத்துக்கு வேலை இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கு, தட்டைக் கழுவு, பிள்ளைகளை அதட்டு. போன வருஷம் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடக்கிறேன். விரிப்பு அந்த ஒரு தடத்தில் மட்டும் தேய்ந்துவிட்டது. என் புருஷன் வைனோ சொல்வான், "உக்காரேன்மா. பாக்குற எனக்குக் கால் வலிக்குது."

காரில் உள்ள குறை இதுதான். வளைவில் திரும்பினால் இடது முன்சக்கரத்துப் பக்கம் டக் டக் டக் என்று அடிக்கிறது. ஆக்சில் முனையில் இருக்கிற ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியே போய், உப்பும் மண்ணும் உள்ளே போய்விட்டது. என்றைக்காவது நடுவழியில் கழன்று நிற்கும். புது ஆக்சில் வீட்டில் இருக்கிறது. செப்டம்பரில் வைனோவே வாங்கி வந்தான். முன்வராந்தாவில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. பூனை அதன்மேல் படுத்துப் படுத்து அட்டையில் குழியே விழுந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். வைனோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். நல்லது என்றான். கார்? என்றேன். பாக்கலாம் என்றான்.

நவம்பர் 13, புதன்

பார்த்தான். உண்மையிலேயே பார்த்தான், அவ்வளவுதான். சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கிற பெரிய நட்டை விரலால் தட்டினான். மருத்துவர் பிழைக்காத நோயாளியைத் தட்டுவாரே, அதைப்போல.

"துரு தின்னு செத்துக் கிடக்குது. அவசரப்பட்டா மரை போயிரும். சீசன் முடியட்டும்."

மான் சீசன் வெள்ளிக்கிழமை ஆரம்பம். இங்கே நவம்பர் பதினைந்து என்றால் கிறிஸ்துமஸுக்கு ஒரு படி மேல். பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் அதற்கும் விடுமுறை. முடிவெட்டுகிறவன் கடையைப் பூட்டுவான். பல் டாக்டர் பூட்டுவார். ஒரு வருஷம் பாஸ்டர் கூட ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பாதியில் முடித்தார். கோட்டுக்கு அடியில் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. ஆம்பிளைகள் எல்லாரும் காட்டுக்குள் இருக்கிற கேம்ப்புக்குப் போய்விடுவார்கள். ஊரில் மிச்சம் இருப்பது நாங்கள்தான். எங்களுக்கு மான் விதவைகள் என்று பெயர். அந்த நாட்களில் சர்ச் கூடத்தில் சீட்டு ஆடுவோம், புருஷன்மார்களைக் கிழிப்போம். சீக்கிரம் திரும்பி வந்தால் யாருக்கும் பிடிக்காது.

அதனால் வைனோ சீசன் முடியட்டும் என்றால், மாசம் முடியட்டும் என்று அர்த்தம்.

இன்று சாயங்காலமே செய்யலாமே என்றேன். ரொட்டி கட்ட வேண்டும், துப்பாக்கி துடைக்க வேண்டும், உர்ஹோ விடியற்காலையில் வந்துவிடுவான் என்றான். உர்ஹோ அவன் தம்பி. அவன் எதற்கும் விடியற்காலையில் வந்ததில்லை.

ரொட்டி நான்தான் கட்டினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

போய்விட்டார்கள். உர்ஹோ மத்தியானம் வந்தான். லாரியில் படுக்கை, அரிசிப்பை, பீர், இரண்டு பேர், ஒரு நாய். கை அசைத்தேன்.

பிறகு ஊருக்கு நடந்து போய் மெக்கானிக் கடையைப் பார்த்தேன். கதவில் அட்டை தொங்கியது. கேம்ப் என்று ஒரே சொல். எப்போது வருவேன் என்று கூட எழுதவில்லை. எழுதினால் வர வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பான்.

நடந்தே திரும்பினேன். வழி முழுக்க வாய்க்குள் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு நட்டு. ஒரு நட்டு! அதற்குக் கை இருக்கிறதா, கால் இருக்கிறதா? எனக்கு இருக்கிறதே.

நவம்பர் 15, வெள்ளி

விடிந்ததும் காடு முழுக்க வெடிச்சத்தம். நான் கார் முன்னால் நின்றேன்.

இந்த நட்டைக் கழற்றச் சக்கரம் தரையில் இருக்கும்போதே முயல வேண்டும், ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால் சக்கரம் சுற்றும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். வெளியே ஒருவர் திருப்ப வேண்டும். ஆக இரண்டு பேர் வேலை. வைனோ செய்யும்போதெல்லாம் மிதிக்கிற ஆள் நான். முப்பது வருஷமாக மிதித்திருக்கிறேன். கண்ணாடி வழியாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மிதிப்பேன். மிதி, விடு, மிதி, தூங்கிட்டியா? அதனால் என்ன செய்கிறான் என்பது தெரியும். கைக்குத்தான் தெரியாது.

பக்கத்து வீட்டு டெல்ஃபீனைக் கூப்பிட்டேன். அவள் புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் நிஜ விதவை. ஆனாலும் சீசன் வந்தால் எங்களோடு சேர்ந்து புருஷனைத் திட்டுவாள், எல்லாரையும்விடச் சத்தமாக. ஆள் பெரிய ஆள். கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் இறங்கினாள். கார் ஒரு பக்கம் சாய்ந்தது.

"மிதிக்கிறது மட்டும்தானே? பொறவு அடியில போய்ப் படுன்னு சொல்லக் கூடாது. படுத்தா எந்திரிக்க மாட்டேன், வசந்தத்துலதான் கண்டுபிடிப்பாங்க."

மிதித்தாள். நான் கருவிப்பெட்டியைத் திறந்தேன். அந்த நட்டுக்குப் பொருந்துகிற பெரிய சாக்கெட் இல்லை. எங்களிடம் இருப்பதே ஒன்றுதான். பிடிக்கு நீளம் கொடுக்க மாட்டுகிற இரும்புப் பைப், என் உயரத்துக்கு மேல் இருக்கும், அதுவும் இல்லை. சுவரில் அது சாய்ந்திருந்த இடத்தில் தூசி மட்டும் கோடாக நின்றது.

எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் மான் தொங்கவிடுகிற மரக்கம்பம் பாரத்தில் முறிந்து, உர்ஹோவின் மான் நாய்மேல் விழுந்தது. அந்த நாய் இன்னும் மானைக் கண்டால் ஓடுகிறது. இந்த வருஷம் மரத்துக்குப் பதில் இரும்பை மாட்டியிருப்பார்கள்.

"கேம்ப்புக்குப் போகணும்," என்றேன்.

டெல்ஃபீன் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். சீசனின் முதல் நாள் பொம்பிளை கேம்ப்புக்குப் போனதாக இங்கே கதைகூடக் கிடையாது.

"யாராச்சும் செத்தாத்தான் போவாங்க," என்றாள். பிறகு, "என் கார்லயே போலாம்."

போனோம். வெட்டின மரம் ஏற்றிப் போகிற மண்வழி, அதற்கு மேல் பனி. கேம்ப் என்பது ஒரு அறை, ஒரு அடுப்பு, பன்னிரண்டு வாடை. நாங்கள் இறங்கியதும் நான்கு பேர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்கள். யார் செத்தது என்று உர்ஹோ மெதுவாகக் கேட்டான்.

இரண்டு மரத்துக்கு நடுவே என் பைப். அதில் ஒரு மான் தொங்கியது. சீசனின் முதல் மான். அதை இறக்கினால் அந்த வருஷம் கேம்ப்புக்கே விளங்காது என்பார்கள். வைனோ மானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பைப்பை விடு, சாக்கெட்டைக் கொடு என்றேன். லாரியின் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே நின்று அவன் சொன்னதெல்லாம் தபால் வழியைப் பற்றித்தான். அறுபது மைல். பாதி வழி சரளைக்கல் சாலை. பனியை ஒதுக்குகிற பனிவாரி வண்டி வராத இடம். லிண்ட் அம்மாளே விழுந்துவிட்டாள். அவள் கோழிக்கூட்டில்தான் விழுந்தாள் என்றேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"செப்டம்பர்லேர்ந்து அது பொட்டிக்குள்ள கெடக்குது வைனோ. துருப்புடிச்சது நட்டா, நீயா?"

அவன் லாரிக் கதவில் இருந்த மண்ணை நகத்தால் சுரண்டினான்.

"நான் வீட்டுக்கு வர்றப்ப நீ இருப்ப," என்றான். "அது பழகிப்போச்சு எனக்கு."

இவ்வளவுதான். முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் இப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு நாளில் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்ப நான் என்ன, அடுப்பா? நாற்காலியா? வர்றப்ப இருக்குறதுக்கு? — இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அங்கே கையை மட்டும் நீட்டினேன்.

லாரிப் பெட்டியைத் திறந்து சாக்கெட்டை எடுத்துக் கையில் வைத்தான். வருகிறேன் என்று சொல்லவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் டெல்ஃபீன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பது பெரிய விஷயம். ஊர் எல்லை வந்ததும், "மான் நல்ல மான்தான்," என்றாள்.

நவம்பர் 16, சனி

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்குத் துருப்பிடிப்பதில்லை.

காலையில் துணி காயப்போடுகிற கம்பியைக் கழற்றி, ஒரு பக்கத்து இரும்புக் கம்பத்தை மண்ணிலிருந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். உள்ளே பொந்தான கம்பம். பிடியில் சரியாகப் பொருந்தியது. அந்தப் பொந்தில் ஒரு எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, மன்னிப்புக் கேட்டு வெளியே தட்டிவிட்டேன். இனி துணி எங்கே காயும் என்று யோசிக்கவில்லை. திங்களுக்குப் பிறகு அழுக்குத் துணி இருக்கட்டுமே.

நட்டின் நடுவே ஹேர்பின் போல வளைந்த பின் ஒன்று இருக்கும், நட்டு தானாகக் கழலாமல் இருக்க. அது துருவில் கரைந்து அங்கேயே ஒட்டிப்போயிருந்தது. ஆணியும் சுத்தியலும் வைத்துத் துண்டு துண்டாக எடுத்தேன். துரு இளக்குகிற எண்ணெயை ஊற்றினேன். சாக்கெட்டை மாட்டினேன், கம்பத்தை மாட்டினேன். டெல்ஃபீன் மிதித்தாள். நான் தொங்கினேன்.

ஒன்றும் இல்லை.

எண்ணெய். காத்திருப்பு. தொங்கல். ஒன்றும் இல்லை. காத்திருப்பதுதான் என்னால் முடியவில்லை. எண்ணெய் இறங்க நேரம் வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்த் திருப்பிப் பார்த்தேன். வெந்துவிட்டதா என்று பானையைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு எப்படி வேகும்? டெல்ஃபீன் காருக்குள்ளேயே இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டி சாப்பிட்டாள், மடியில் துண்டு விரித்து. ரேடியோ கேட்டாள். உனக்கு வேலை கிடைத்தால் எனக்கும் ஏதாவது கிடைக்குமா, நன்றாக உட்காருகிறேன் என்றாள்.

இன்று சனிக்கிழமை, ஆவிக்குளியல் அறையான சவுனாவில் அடுப்பு மூட்டுகிற நாள். வைனோ இல்லாவிட்டாலும் மூட்டினேன். உடம்பெல்லாம் நட்டாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினேன். ஆவி வந்து முதுகில் அறைந்தது, தோள் இளகியது. எங்கள் ஜனங்களுக்குச் சவுனாவில் தீராதது எதுவும் கிடையாது. பிரசவம் அதில்தான் பார்த்தார்கள். பிணத்தையும் அதில்தான் குளிப்பாட்டினார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தபோது ஒரு எண்ணம் வந்தது. சூட்டில் நானே இளகும்போது நட்டு இளகாதா?

துண்டைச் சுற்றிக்கொண்டு, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, பீப்பாயில் கொதித்த தண்ணீரை வாளியில் மொண்டுபோய் சக்கரத்தின் நடுவே ஊற்றினேன். இன்னொரு வாளி. இன்னொன்று. புகையாக ஆவி எழுந்தது. கம்பத்தை மாட்டித் திருப்பினேன். அசைந்ததுபோல இருந்தது. இல்லை, அசைந்தது என் கைதான். ஈரத்தலை உறைய ஆரம்பித்தது, உள்ளே வந்துவிட்டேன்.

இன்னும் ஒரே நாள்.

நவம்பர் 17, ஞாயிறு

முட்டாள். முட்டாள் முட்டாள் முட்டாள்.

சவுனாத் தண்ணீர் அங்கே வெந்நீராகவே இருக்கும்னு நெனச்சியா? விடிஞ்சு போய்ப் பாத்தா சக்கரமே ஒரு கண்ணாடிக் கட்டி. நட்டு உள்ளே இருந்து, பாட்டிலுக்குள்ள போட்ட பூச்சி மாதிரி என்னையப் பாக்குது. டயர் தரையோட ஒட்டியிருக்கு. ஊத்துன எண்ணெயையும் நானே கழுவி விட்டுட்டேன். டெல்ஃபீன் வந்து சுத்திச் சுத்திப் பாத்தா. உனக்குப் புருஷன் தேவையே இல்ல, கெடுக்குறதுக்கு நீ ஒருத்தியே போதும்னா.

சர்ச்சுக்குப் போகவில்லை. சர்ச் மணி அடித்தபோது நான் முழங்காலில்தான் இருந்தேன், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். கையில் முடி உலர்த்துகிற மெஷின். அடுக்களை ஜன்னல் வழியாக நீளமாக ஒயர் இழுத்து, சுத்தியல் காம்பால் பனிக்கட்டியைத் தட்டித் தட்டி, சூடு காட்டிக் காட்டி, பாதிக் காலை அதிலேயே போனது. ஆனால் ஒரு விஷயம். மெஷினை விடாமல் பிடித்ததில் நட்டு நிஜமாகவே சூடானது. கைவைத்தால் சுட்டது. எண்ணெயை ஊற்றினேன், சுர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது. இந்தத் தடவை காத்திருந்தேன். எப்படி? கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு டெல்ஃபீனை மிதிக்கச் சொன்னேன். கம்பத்தைப் படுக்கைவாட்டில் மாட்டி, கார் கூரையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் கம்பத்தின் கடைசி முனையில் ஏறி நின்றேன். இந்த வயதில். அக்கம்பக்கத்தில் ஆம்பிளைகள் இல்லாதது நல்லது. ஒருதரம் குதித்தேன். இன்னொருதரம் —

படார் என்று வெடித்தது. நான் தரையில் கிடந்தேன். காருக்குள் டெல்ஃபீனைக் காணவில்லை. வேட்டைக்காரன் எவனோ குறிதவறி நம்மைச் சுட்டுவிட்டான் என்று இருக்கைக்கு அடியில் குனிந்துவிட்டாள்.

"யாரு சுட்டது?" உள்ளேயிருந்து குரல்.

"நான்தான்," என்றேன். "நட்டு செத்துச்சு."

சிரித்தோம். அவள் அழுதும் விட்டாள். ஏனென்று கேட்டால் குளிரில் கண் நீர் வடிகிறது என்றாள்.

அத்தோடு முடிந்ததா? முடியவில்லை. நட்டு போனாலும் ஆக்சில் சக்கரக்குடத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டையும் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். நட்டை முனைவரைக்கும் மறுபடி முடுக்கிவிட்டு, மரக்கட்டை வைத்து அடித்தேன். மரம் பிளந்தது. டெல்ஃபீன் தன் புருஷன் கொட்டகையிலிருந்து மூன்று கால் உள்ள ஒரு இழுப்பான் எடுத்து வந்தாள். பெரிய நண்டு மாதிரி இருக்கும். குடத்தை மூன்று காலால் கவ்வும், நடுவில் இருக்கிற திருகு ஆக்சிலின் மண்டையைத் தள்ளும். அவர் செத்த பிறகு அந்தக் கொட்டகையை அவள் திறந்ததேயில்லை. திருகை இறுக்கு, சுத்தியலால் ஒரு தட்டு, இன்னும் இறுக்கு, ஒரு தட்டு. கடைசியில் ஒரு முனகல். பிறகு ஆக்சில் சோப்பு வழுக்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது.

அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. குடத்தைத் தாங்குகிற போல்ட்டுகளைக் கழற்றி அதை ஒதுக்கிவிட்டு, ஆக்சிலை இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். வந்தது. பாதிதான் வந்தது. உள்பக்க மூட்டு பிரிந்து, மூன்று உருளைகள் கிரீஸோடு பனியில் விழுந்து உருண்டன. கிண்ணம்போல இருக்கிற மிச்சம் கியர்பாக்ஸிலேயே நின்றுவிட்டது. புது ஆக்சில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் அதில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது, தண்டைப் பிடித்து இழுக்காதே என்று. பூனை படுக்கிற இடத்தில்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. கடப்பாரை முனையைக் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கொடுத்து ஒரு பக்கம் நெம்பினேன், மறுபக்கம் டெல்ஃபீன் பெரிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள். அடியில் படுக்க மாட்டேன் என்றவள் கம்பளிக் கோட்டோடு பனியில் படுத்திருந்தாள். டொப். கிண்ணம் என் மார்பில் விழுந்தது, பின்னாலேயே எண்ணெய் என் முகத்தில்.

புதுசு உள்ளே போனது. க்ளிக் என்று உட்கார்ந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்காக இவ்வளவு பெரிய சத்தம் எல்லாம். எண்ணெய் ஊற்றினேன், போல்ட் எல்லாம் முடுக்கினேன், காரை இறக்கினேன். டெல்ஃபீன் மிதிக்க, புது நட்டைக் கம்பம் வளையும் வரை முடுக்கினேன்.

காரை எடுத்து வீட்டு முன்னால் வட்டமாகச் சுற்றினேன். வலது வட்டம், இடது வட்டம். சத்தமில்லை. டெல்ஃபீன் நடுவில் நின்று, தலையைச் சாய்த்து, கோழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

டெல்ஃபீனை அடியிலிருந்து எழுப்பியது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நவம்பர் 18, திங்கள்

பாஸ்கோ காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். துணிக்கம்பம் எதற்குப் பின்சீட்டில் என்று கேட்டார். சும்மா என்றேன். போ என்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை, கண் சொருகிவிட்டது.

இந்த வேலையில், ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தாலும் தபால் பெட்டிகள் சாலையின் வலது ஓரத்தில் நிற்பதால், வலது இருக்கையில் உட்கார்ந்து இடது காலை நடுவே நீட்டி மிதிக்க வேண்டும், இடது கையால் ஸ்டியரிங் வளையத்தைப் பிடிக்க வேண்டும், வலது கையால் ஜன்னல் வழியே பெட்டிக்குள் தபாலைப் போட வேண்டும். நேற்று பாதி வழி வளைந்து வளைந்து போனேன். ஒரு கிழவர் குடித்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, புதுசு என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க என்றார்.

ஆனால் முழு நாளும் காது இடது முன்சக்கரத்தில்தான் இருந்தது. முடுக்கினது போதுமா? அளந்து முடுக்குகிற கருவி நம்மிடம் இல்லை. கம்பம் வளைந்தது, அதுதான் அளவு. ஐந்து பெட்டிக்கு ஒருமுறை இறங்கிப் போய் நட்டைத் தொட்டுப் பார்த்தேன். பனிச்சரிவில், ஏரிக் காற்றில், பைத்தியம் மாதிரி. ஒரு நாய் தினமும் செய்வதைப்போல ஒவ்வொரு இடத்திலும் சக்கரத்தருகே நின்றேன்.

இன்று சாயங்காலம் வந்தபோது வாசலில் லாரி. சீசனுக்கு நடுவே. வைனோ முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். மேலே கேம்ப் வாடை. யார் செத்தது என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

நேரே போய் என் கார் முன்னால் குந்தினான். மூடியைக் கழற்றினான். சாக்கெட் எங்கே என்று கையை நீட்டினான், கொடுத்தேன். பின்சீட்டிலிருந்த துணிக்கம்பத்தை எடுத்து, மேலும் கீழும் பார்த்து, மாட்டினான். நான் உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தேன். பழக்கம்தான். கண்ணாடி வழியாக அவன் முதுகு. முடுக்குகிற பக்கம் பாரம் கொடுத்தான். முதுகு குனிந்தது, தோள் நடுங்கியது. கம்பம் வளைந்தது.

எழுந்து வந்து ஜன்னலில் கை வைத்தான். மூச்சு வாங்கினான்.

"அசையல," என்றான்.

ராத்திரி அவன்தான் சூப் வைத்தான். உப்புக் கூடுதல். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நவம்பர் 20, புதன்

பனி. பனிவாரிக்குப் பின்னாலேயே போனேன். லிண்ட் அம்மாளுக்குத் தபால் போட்டேன், ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டினாள். பொறாமையாக ஆட்டினாள் என்று நினைக்கிறேன்.

இன்று நட்டைத் தொட்டுப் பார்க்க இறங்கியது இரண்டே தடவை.

நவம்பர் 22, வெள்ளி

வைனோ கேம்ப்புக்குத் திரும்பிப் போகவில்லை. உர்ஹோ தேடி வந்தான். உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டான், அவனைக் கேட்காமல். எனக்கென்ன தெரியும், நான் வெளியே போகிறவள் என்றேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது.

காலையில் நான் கிளம்பும்போது அவன் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

எங்கள் வீட்டுத் தபால் பெட்டி பெரிய சாலையில் இருக்கிறது, வீட்டிலிருந்து நல்ல நடை. இன்று மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் வைனோ நின்றான். தொப்பியெல்லாம் பனி. எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. ஜன்னலை இறக்கினேன். கையை நீட்டினான். கையில் தர முடியாது, பெட்டியில்தான் போட வேண்டும், விதி அப்படி என்றேன். சரியென்று ஒதுங்கினான். பத்திரிகையும் மின்சார பில்லும் போட்டேன். மூடினேன். அவன் திறந்து எடுத்துக்கொண்டான்.

போகலாம் என்று காலை நகர்த்தினேன். அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வலது பக்க ரப்பரும் வெடிச்சிருக்குது. இன்னிக்கிக் காலைல பாத்தேன்."

தெரியும் என்றேன். திங்களன்றே பார்த்துவிட்டேன்.

"ஞாயித்துக்கிழம பண்ணிரலாம்." சாலையைப் பார்த்தான், பில்லைப் பார்த்தான். "நீ திருப்பு. நான் உள்ள உக்காந்து மிதிக்கிறேன்."

பின்னால் பனிவாரி ஹாரன் அடித்தது. இன்னும் நாற்பது பெட்டி இருந்தது. சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.